‘எலும்பு முறியவில்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால்: மணிக்கட்டு ஜவ்வுக் காயமும் உழைப்பவரின் கையும்

மணிக்கட்டில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கும் முதல் செய்தி பெரும்பாலும் ஆறுதலாகவே ஒலிக்கும்: எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வலி மாத்திரையும் துணிக்கட்டுமாக அவர் வீடு திரும்புகிறார். ஒரு வாரக் கூலியை இழக்க முடியாதவர் மூன்றாம் நாளே வேலைக்குப் போகிறார். வலி விடாதபோது சுளுக்கு என்று யாராவது கையை உருவி விடுகிறார்கள். மாதங்கள் கழிகின்றன. ஒருநாள் சிமெண்டுக் கலவை நிறைந்த பாண்டு சட்டியைத் தூக்கும்போது கை நழுவுகிறது. மண்வெட்டியைத் திருப்பினால் மணிக்கட்டுக்குள் ஏதோ ‘கடக்’ என்கிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஜவ்வைக் காட்டாது. முறிந்திராத எலும்புகளுக்கு நடுவே கிழிந்து போன ஜவ்வு ஒருவரின் வாழ்வாதாரத்தையே முறித்துவிடும்.

இக்காயங்களுக்கு இன்று நுண்துளை அறுவைச் சிகிச்சை இருக்கிறது. ‘சிறு துளை, சிறு தழும்பு, விரைவில் வேலைக்குத் திரும்பலாம்’ என்று அது விளம்பரப்படுத்தப்படுகிறது. இந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை? அதன் பலன்கள் யாருடைய கைகளை வைத்து அளக்கப்பட்டன? சுமை தூக்கும் கைக்கு அந்த அளவுகோல் பொருந்துமா? புதுச்சேரியின் கட்டுமானத் தளங்களிலும், மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும், துப்புரவுப் பணியிலும் உழைப்போரிடையே இயங்கும் தோழர்கள் இக்கேள்விகளுக்கான விடைகளை அறிந்திருப்பது அவசியம்.

கிழிவது எது?

மணிக்கட்டு ஒற்றை மூட்டன்று. முன்கையின் இரண்டு எலும்புகளும் எட்டுச் சிறிய எலும்புகளும் சேர்ந்து இயங்கும் ஒரு தொகுதி அது. இவற்றை இடம் பெயராமல் பிடித்து வைத்திருப்பவை லிகமெண்ட் எனப்படும் இணைப்புநார்கள். நம் மக்கள் வழக்கில் இவையே ஜவ்வு. கையை ஊன்றி விழும்போதும், சுழலும் எந்திரத்தில் கை முறுக்கப்படும்போதும் இவற்றுள் இரண்டு பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன.

முதலாவது, படகெலும்பையும் பிறையெலும்பையும் இணைக்கும் நார். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டின் நடுவில் இருக்கிறது. இது முழுமையாக அறுந்தால் இரண்டு எலும்புகளும் எதிரெதிர்த் திசைகளில் சாய்கின்றன. கவனிக்காமல் விட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதமாக முற்றுகிறது. இத்தேய்மானம் எந்த வரிசையில் முன்னேறுகிறது என்பதை 1984இல் வாட்சன், பாலெட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினர்.

இரண்டாவது, சுண்டுவிரல் பக்கத்தில் உள்ள முக்கோண நார்க்குருத்தெலும்புத் தொகுதி, மருத்துவர்கள் டி.எஃப்.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1981இல் பால்மர், வெர்னர் இருவரும் இதற்கு இப்பெயரிட்டனர். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது முன்கை எலும்புகளைப் பிணைத்து வைப்பதும், கையில் ஏறும் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை முழங்கைப் பக்க எலும்புக்குக் கடத்துவதும் இதன் வேலை. துணி பிழிவது, மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவது, துடைப்பத்தைச் சுழற்றுவது, திருப்புளியைத் திருகுவது ஆகிய எல்லா வேலைகளிலும் இது பங்கேற்கிறது.

சிகிச்சையின் பலனைத் தீர்மானிக்கும் முக்கியமான உண்மை ஒன்று இங்கே உள்ளது. இத்தொகுதியின் ஓரப் பகுதிக்கு இரத்த ஓட்டம் உண்டு. நடுப்பகுதிக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே ஓரத்தில் கிழிந்தால் தைத்து ஆற வைக்கலாம். நடுவில் கிழிந்தால் தைத்தும் ஆறாது; உரசும் பிசிறுகளை மட்டும் நீக்கலாம். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி வெவ்வேறு எதிர்காலங்கள் அடங்கியுள்ளன.

நுண்துளைச் சிகிச்சையில் நடப்பது

மணிக்கட்டுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் முறையை 1979இல் சென் என்ற மருத்துவர் விவரித்தார். 1980களில் அமெரிக்காவில் விப்பிளும் அவருடைய சகாக்களும் அதைச் செம்மைப்படுத்தினர். பின்னர் ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், இத்துறை வேகமாக வளர்ந்தது. விரல்களைக் கண்ணியில் மாட்டி, கையை மேல்நோக்கி இழுத்து, எலும்புகளுக்கிடையே சிறிது இடைவெளி உண்டாக்குகிறார்கள். சில மில்லிமீட்டர் அளவிலான துளைகள் வழியே, பென்சிலைவிட மெல்லிய கேமராக் குழாயும் கருவிகளும் உள்ளே செல்கின்றன. கிழிந்த பிசிறை நீக்குவது, ஓரத்தைத் தைப்பது, எலும்பிலிருந்து பிய்ந்த நாரை மீண்டும் எலும்பில் பொருத்துவது, விலகிய எலும்புகளைக் கம்பி கொண்டு தற்காலிகமாக நிறுத்துவது ஆகியவற்றை இவ்வழியே செய்ய முடியும்.

இம்முறையின் ஐயமற்ற வெற்றி கண்டறிவதில்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சில கிழிசல்களைத் தவறவிடும். வலிக்கே காரணமாக இல்லாத கிழிசல்களையும் காட்டும். வயது கூடும்போது வலியே இல்லாதவர்களிடமும் நடுப்பகுதிக் கிழிசல்கள் காணப்படுகின்றன. எனவே ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்து அறுவைக்கு அவசரப்படுத்துவது முறையன்று. வலி இருக்கும் இடமும், மருத்துவர் கையால் அழுத்தித் திருப்பிச் செய்யும் சோதனையும், ஸ்கேனும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மூட்டு நிலையாக இருந்தால் சில வாரங்கள் கையை அசையாமல் கட்டிவைத்து, பிறகு பயிற்சி அளிப்பதே முதல் சிகிச்சை. பலர் அதிலேயே தேறிவிடுவார்கள்.

பலன்களைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

டி.எஃப்.சி.சி. கிழிசலைப் பொறுத்தவரை, நுண்துளைச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பான்மையோருக்கு வலி குறைகிறது, பிடிவலு கூடுகிறது என்று வெளியான ஆய்வுகள் தொடர்ந்து கூறுகின்றன. ஆனால் பிடிவலு பலருக்கு மறு கையின் அளவை முழுமையாக எட்டுவதில்லை. முழங்கைப் பக்க எலும்பு இயல்பைவிட நீண்டிருப்பவர்களுக்குப் பிசிறை நீக்குவது மட்டும் போதாமல் போகலாம். எலும்பைக் குறுக்கும் மற்றொரு அறுவை தேவைப்படக்கூடும்.

திறந்த அறுவையோடு ஒப்பிட்டால் நுண்துளை முறை சிறந்ததா? இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுத் தொகுப்புகள் இறுதிப் பலனில் பெரிய வேறுபாட்டைத் தெளிவாக நிறுவவில்லை. தழும்பு சிறியது, அறுவைக்குப் பிந்தைய வலி குறையக்கூடும். ஆனால் தைத்த நார் ஆறுவதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் காலம் துளையின் அளவைப் பொறுத்ததன்று. எம்முறையில் தைத்தாலும் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் கை அசையாதிருக்க வேண்டும். பாரமான வேலைக்குத் திரும்பப் பொதுவாக மூன்று மாதங்களுக்குக் குறையாமல், சிலருக்கு ஆறு மாதங்கள் வரை ஆகும். ‘சின்னத் துளைதானே’ என்று நம்பி இரண்டாம் வாரமே சுமை தூக்கினால் தையல் விட்டுப்போகும். விளம்பரம் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

படகெலும்பு–பிறையெலும்பு நாரைப் பொறுத்தவரை காலமே விதி. பகுதியளவு கிழிந்த நார்களுக்கு நுண்துளைச் சிகிச்சை நல்ல பலன் தருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. முழுமையாக அறுந்த நாரை முதல் சில வாரங்களுக்குள் கண்டறிந்தால் நேரடியாகத் தைக்க வாய்ப்புண்டு. மாதங்கள் கடந்தால் அறுந்த முனைகள் சுருங்கிவிடும். பிற திசுக்களைக் கொண்டு மறுசீரமைக்க வேண்டியிருக்கும். அப்பலனும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்வது உண்டு. மூட்டுவாதம் முற்றிய பிறகு எஞ்சுவது சில எலும்புகளை நீக்குவதோ ஒட்டவைப்பதோதான். வலி குறையும், மணிக்கட்டின் அசைவில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும்.

பக்கவிளைவுகளும் உண்டு. சுண்டுவிரல் பக்கத் துளைக்கு மிக அருகில் தொடுவுணர்வு நரம்பு ஓடுகிறது. அது காயப்பட்டால் புறங்கையில் மரத்துப்போதலும் எரிச்சலும் தொடரும். விரல் நாண் சேதம், மூட்டு இறுக்கம், நோய்த்தொற்று ஆகியவையும் நேரக்கூடும். இவற்றுள் கடுமையானவை அரிது.

சான்றுகளின் தரத்தையும் சொல்ல வேண்டும். இத்துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மருத்துவமனை தன் சில பத்து நோயாளிகளைப் பின்னோக்கிப் பார்த்து எழுதியவை; ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. முழங்கால் தேய்மானத்துக்கான நுண்துளை அறுவையை 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தபோது, தோலை மட்டும் கீறி மூடிய போலி அறுவைக்கும் உண்மை அறுவைக்கும் பலனில் வேறுபாடு தென்படவில்லை. அதுவரை அந்த அறுவை பயனுள்ளது என்றே கோடிக்கணக்கில் செலவழிக்கப்பட்டது. மணிக்கட்டு வேறு மூட்டு, ஜவ்வுக் கிழிசல் வேறு நோய்; அம்முடிவை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் கடுமையான ஒப்பீட்டுச் சோதனைகள் போதிய அளவில் வரும்வரை, ‘நூறு விழுக்காடு குணம்’ என்று சொல்பவரை ஐயத்துடன் கேட்கவே வேண்டும்.

யாருடைய கை அளக்கப்பட்டது?

ஓர் அறுவை ‘நல்ல பலன்’ தந்தது என்று எழுதுவதற்கு ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது வினாப்பட்டியலை. 1996இல் வெளிவந்த ‘டாஷ்’ என்ற பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 30 கேள்விகள். இறுக மூடிய புட்டியைத் திறக்க முடிகிறதா, சாவியைத் திருப்ப முடிகிறதா, எழுத முடிகிறதா என்று கேட்கிறது. கனமான பொருளைத் தூக்க முடிகிறதா என்ற கேள்வியும் உண்டு. அங்கே கனமான பொருள் என்பது 10 பவுண்டுக்கு மேற்பட்டது. அதாவது சுமார் நான்கரைக் கிலோ.

நம் ஊரில் ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ.

இந்த இடைவெளியில்தான் உழைப்பாளியின் கை காணாமல் போகிறது. நான்கரைக் கிலோவைச் சிரமமின்றித் தூக்கும் கை ஆய்வுக் கட்டுரையில் தேறிய கை. கட்டுமானத் தளத்தில் அது வேலைக்கு ஆகாத கை. வேலை குறித்து நான்கு கூடுதல் கேள்விகள் அப்பட்டியலில் உண்டு. ஆனால் அவை விருப்பப் பகுதியாகவே வைக்கப்பட்டுள்ளன. ‘வேலைக்குத் திரும்பினார்’ என்று எழுதும் ஆய்வுகளும் அதே வேலைக்கா, அதே கூலிக்கா என்பதைப் பல நேரங்களில் பிரித்துச் சொல்வதில்லை.

சாதி இங்கேதான் மருத்துவத்துக்குள் நுழைகிறது. அறுவைக்குப் பின் ‘இலகுவான வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்பது வழக்கமான அறிவுரை. மேசை வேலை பார்ப்பவருக்கு அது ஓர் அறிவுரை. நிலமற்ற, கல்வி மறுக்கப்பட்ட தலித் குடும்பத்தின் சித்தாளுக்கு அது வேலைநீக்க ஆணை. கடையில் நிற்பது, உணவு பரிமாறுவது, வீட்டுக்குள் சமைப்பது ஆகிய உடல் வருத்தம் குறைந்த வேலைகள் பலவற்றின் வாசலில் இன்னும் சாதி காவல் நிற்கிறது. சாக்கடையும் சுமையும் கல்லும் மண்ணும் மட்டும் தடையின்றித் திறந்திருக்கின்றன. கையைத் தவிர வேறு சொத்து இல்லாதவரிடம் கையை மாற்றாமல் வேலையை மாற்றச் சொல்வது மருத்துவமாகாது.

தமிழ்நாட்டின் கை அறுவைச் சிகிச்சை வரலாறே இதை முன்பு கற்றுத் தந்திருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். விரல்கள் நிமிர்ந்தன, வேலை கொடுக்க ஆள் இல்லை. நோயின் அடையாளம் குறைந்ததால் சிலருக்குப் பிச்சையும் குறைந்தது. ஆகவே அவரும் அவருடைய குழுவினரும் தொழில் கற்றுத்தரும் மறுவாழ்வு மையம் ஒன்றையும் தொடங்க வேண்டியிருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் உருவான அரசுக் கை அறுவை நிறுவனத்தின் பெயரிலும் ‘மறுவாழ்வு’ என்ற சொல் இருக்கிறது. அறுவையின் பலன் வாழ்வு திரும்பியதா என்பதில்தான் அளக்கப்படும் என்ற உணர்வு நம் மண்ணில் புதிதன்று.

புதுச்சேரியும் சட்டமும்

புதுச்சேரிக்கு மருத்துவ வசதி அந்நியமன்று. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல்தான் கோரிமேட்டின் ஜிப்மர். 2008 முதல் அது நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும் கதிர்காமத்தின் அரசு மருத்துவக் கல்லூரியும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உள்ளன. தொழிலாளர் உரிமையும் இங்கே அந்நியமன்று. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்; அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த ஆலைகளுள் பெரியதான ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30இல் மூடப்பட்டது. ஆலைவாசலில் ஒன்றுகூடிய தொழிலாளி இன்று ஒப்பந்தக்காரரிடமும் மேஸ்திரியிடமும் தனித்தனியே நாட்கூலிக்கு நிற்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதி மக்கள்தொகையில் சுமார் 15.7 விழுக்காட்டினர் பட்டியலினத்தவர். நிரந்தர வேலை சுருங்கும்போது முதலில் வெளியே தள்ளப்படுபவர்களும் இவர்களே.

காயமுற்றவருக்குச் சட்டம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். அதற்கு அடித்தளமிட்ட அடார்க்கர் அறிக்கை 1944இல் வந்தபோது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். பணியிடக் காயத்தால் வேலை செய்ய இயலாத காலத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு பணப்பயனும் முழு மருத்துவமும் இத்திட்டத்தில் உண்டு. மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு பசியின்றி இருக்க முடியுமா என்ற கேள்விக்கு இதுவே விடை. ஆனால் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்; ஒப்பந்தக்காரர் பலர் அதைச் செய்வதே இல்லை.

மற்றது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ளோர்க்கு உரியது. இவ்விரண்டும் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டுள்ளன. காயங்களின் அட்டவணையும் ‘சம்பாதிக்கும் திறன் இழப்பு’ என்ற அளவுகோலும் தொடர்கின்றன. அட்டவணையில் ஒரு கை துண்டிக்கப்பட்டால் 60 விழுக்காடு, பெருவிரல் போனால் 30 விழுக்காடு என்று எழுதப்பட்டுள்ளது. ஜவ்வுக் கிழிசல் அதில் இல்லை. இல்லாததால் உரிமை இல்லை என்று பொருளல்ல. திறனிழப்பு எவ்வளவு என்பதை மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்று பொருள்.

அந்த ஒற்றை எண்ணின் எடையைப் பாருங்கள். 30 வயதுத் தொழிலாளி, மாதக் கூலி 12,000 ரூபாய். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்குப்படி கூலியின் 60 விழுக்காடான 7,200 ரூபாயை அவ்வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கினால் முழு முடத்துக்கான தொகை 14,97,456 ரூபாய். மருத்துவர் 10 விழுக்காடு என்று எழுதினால் அவருக்குக் கிடைப்பது சுமார் ஒன்றரை லட்சம். 40 என்று எழுதினால் சுமார் ஆறு லட்சம்.

உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாக இருக்கிறது. 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு நேர்ந்தது முழு முடமே என்று தீர்ப்பளித்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம். 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கில், உடல் ஊனத்தின் விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று விளக்கியது. கை இழந்த ஓட்டுநருக்கும் தச்சருக்கும் வருமானம் ஏறக்குறைய முழுதும் போகிறது. அரசு எழுத்தருக்கு அப்படியல்ல. ஆக, அளவுகோல் செய்யும் தொழில். ஆய்வுக் கட்டுரைகள் கேட்க மறந்த கேள்வியை நீதிமன்றம் கேட்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை

தோழர்கள் முதலில் பரப்ப வேண்டிய செய்தி காலத்தைப் பற்றியது. அடிபட்ட மணிக்கட்டு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் வலித்தால், பிடி தளர்ந்தால், திருப்பும்போது சத்தம் கேட்டால், ‘எலும்பு முறியவில்லை’ என்ற பழைய சீட்டோடு நிற்கக் கூடாது. எலும்பியல் பிரிவில் மறுபரிசோதனை கேட்க வேண்டும். படகெலும்பின் முறிவே முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. மருத்துவம் தெரியாதவர்களிடம் கையை உருவக் கொடுப்பது கிழிசலைப் பெரிதாக்கலாம்.

இரண்டாவது, பதிவு. முதல் நாளே மருத்துவமனையில் காயம் வேலையிடத்தில் நேர்ந்தது என்பதைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து, நகலைப் பாதுகாக்க வேண்டும். செய்யும் தொழில், தூக்கும் எடை, எந்தக் கை ஆகியவை சீட்டில் இடம்பெற வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு வைத்த காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மெதுவாக முற்றும் ஜவ்வுக் காயத்தில் அது எளிதில் கடந்துவிடும்.

மூன்றாவது, அறுவைக்கு ஒப்புமுன் கேட்க வேண்டியவை. கிழிசல் எந்தப் பகுதியில்? அறுவையின்றித் தேற வாய்ப்புண்டா? என் வேலையின் எடையை மீண்டும் தூக்க முடியுமா, எத்தனை மாதத்தில்? பின்சிகிச்சைப் பயிற்சி எங்கே, எத்தனை முறை? பயிற்சிக்கு வந்துபோகும் பேருந்துச் செலவும் இழக்கும் கூலியும் சிகிச்சையின் பகுதியே. அவை இல்லாமல் பாதியில் நின்றுபோகும் பயிற்சி நல்ல அறுவையையும் வீணாக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. பொது மருத்துவமனைகளில் கைக் காயங்களுக்குத் தனிப் புறநோயாளர் நாள். அறுவைக்குப் பின்னான மாதங்களுக்குக் கட்டுமான நலவாரியத்திலும் துப்புரவு ஒப்பந்தங்களிலும் ஊதியப் பாதுகாப்பு. சிகிச்சைப் பலனை ஓராண்டு கழித்து அதே வேலை, அதே கூலி என்ற அளவில் பதியும் ஏற்பாடு. மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது, 50 கிலோவைக் கேட்கும் ஒரு வினாப்பட்டியலை உருவாக்குவதை எண்ணிப் பார்க்கலாம். இந்நகரத்தைக் கட்டிய கைகள் அந்தப் பட்டியலில் இன்னும் இடம்பெறவில்லை.